பிசகு காதில் இல்லை

ஒரு மனிதரிடம் அவருடைய காதில் கோளாறு என்று பொய் சொன்னேன். கோளாறு நான் செய்து கொடுத்த பித்தளைச் சாமானில் இருந்தது. தெரியாமல் சொன்னதல்ல. தெரிந்த பிறகு, மறுநாள் காலை, டீ குடித்துக்கொண்டே சொன்னேன். அவர் நம்பினார். நாற்பது வருடமாக வாசித்த பேஸ் கிட்டாரை உறையில் போட்டு ஜிப்பை இழுத்து மூடினார். பதினான்கு மாதம் அது திறக்கப்படவில்லை.

நான் தொழிலால் டர்னர். கிண்டி ஐ.டி.ஐ.யில் படித்தேன். தாம்பரத்திலிருந்து மின்சார ரயிலில் தொங்கிக்கொண்டு போய், இருபது வருடம் கிண்டி தொழிற்பேட்டையில் டூல்ரூம் வேலை பார்த்தேன். இப்போது குரோம்பேட்டைக்கும் பம்மலுக்கும் நடுவே வாடகைக்கு ஒரு ஷெட். ஒரு லேத், பழைய மில்லிங் மெஷின் ஒன்று, பெஞ்ச் ட்ரில் ஒன்று. பம்ப் ஷாஃப்ட், புஷ், பின் என்று ஜாப் ஒர்க்கில் வண்டி ஓடுகிறது.

கிட்டார் வேலை தற்செயலாக வந்தது. மேடவாக்கத்திலிருந்து ஐ.டி. கம்பெனிப் பையன் ஒருவன் அமெரிக்க பேஸ் ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தான். பின்பக்கம் கம்பிகள் வந்து உட்காரும் பிரிட்ஜில், ஒரு கம்பியைத் தாங்கும் சேடில் உடைந்திருந்தது. வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் சாமான் விலையைவிடத் தபால் செலவும் சுங்கமும் அதிகமாகிவிடும். "அதே மாதிரி ஒண்ணு பண்ண முடியுமா சார்?" என்று கேட்டான். அதிலிருந்த ஸ்க்ரூவை வெர்னியரில் அளந்தேன். 3.5 மி.மீ. எம் 3.5 டேப் போட்டுப் புரி வெட்டிக் கொடுத்தேன். ஸ்க்ரூ இரண்டு சுற்று போய் இறுகி நின்றுவிட்டது. முறுக்கியதில் பித்தளைப் புரி உரிந்து வந்தது.

அது அங்குல அளவு ஸ்க்ரூ. அங்குலத்துக்கு 32 புரி, அதாவது ஒரு சுற்றுக்கு 0.79 மி.மீ. நான் போட்ட டேப்புக்கு ஒரு சுற்று 0.6 மி.மீ. தடிமனில் இரண்டுக்கும் மயிரிழை வித்தியாசம்கூட இல்லை, புரி மட்டும் வேறு. "தப்பு என்னுது தம்பி, பிட்ச் கேஜ் வெச்சுப் பார்க்காம விட்டுட்டேன்" என்று அந்த இடத்திலேயே சொல்லி, வேறொன்று செய்து கொடுத்தேன். இந்தக் கதையை அப்புறம் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொன்னேன், என் நாணயத்துக்குச் சான்று மாதிரி. நஷ்டம் கட்டை விரல் அளவு பித்தளை. அந்த அளவு நஷ்டத்தில் நாணயமாக இருப்பது யாருக்கும் முடியும்.

வேலை பரவியது. வேளச்சேரி, மடிப்பாக்கம், சேலையூர் என்று பையன்கள் வர ஆரம்பித்தார்கள். ட்யூனர் புஷ், வால்யூம் குமிழ், பித்தளை நட் எல்லாம் செய்தேன். கடைசியில் முழு பிரிட்ஜே செய்யலாம் என்று ஆசை வந்தது.

அந்த நேரத்தில்தான் இரும்புலியூர் அண்ணன் வந்தார். பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருக்கிறார். எழுபதை நெருங்குகிறவர். எண்பதுகளில் மெல்லிசைக் குழுக்களில் வாசித்தவர். ஆடி மாதம் முழுக்கத் தெருத்தெருவாக அம்மன் கோவில் மேடை, மற்ற மாதங்களில் கல்யாண ரிசப்ஷன். இளையராஜா பாட்டில் சசிதரன் வாசித்த பேஸ், அப்புறம் ரஹ்மான் பாட்டில் கீத் பீட்டர்ஸ் வாசித்தது, எல்லாவற்றையும் டேப் ரெக்கார்டரில் ஓட்டி ஓட்டிக் காதாலேயே எடுத்தவர். நோட்டேஷன் தெரியாது. பாட்டைக் கேட்கிற சனம் பேஸைத் தனியாகக் கேட்பதில்லை, ஆனால் அது நின்றால் பாட்டே சரிந்துவிடும் என்பார்.

அவருடைய பேஸ் ஜப்பானில் செய்தது. கப்பலில் வேலை பார்த்த சொந்தக்காரர் வாங்கி வந்தது. நம் ஊர் வேர்வையிலும் உப்புக் காற்றிலும் பிரிட்ஜ் துருப்பிடித்து, சேடில் ஸ்க்ரூ ஒன்றும் திரும்பவில்லை. அதை என் மேசை மேல் வைத்துவிட்டு, "குதிரை செத்துப் போச்சு தம்பி" என்றார். அவர் அம்மா வீணை வாசித்தவர். வீணையில் கம்பியைத் தாங்குவதற்குக் குதிரை என்றுதான் பெயர். ஃப்ரெட் அவருக்கு மெட்டு, ட்யூனர் அவருக்குப் பிருடை. "குதிரை மேல சேடில் இருக்கிறது நியாயம்தானே?" என்று சிரித்தார். அன்று முதல் என் ஷெட்டிலும் பிரிட்ஜுக்குப் பெயர் குதிரை ஆகிவிட்டது.

பழைய குதிரை வளைத்த இரும்புத் தகடு. அதன் மேல் 10 மி.மீ. உருண்டையாக நாலு சின்ன சேடில்கள். எனக்கு அது அற்பமாகப் பட்டது. நாலு கம்பியும் சேர்ந்து ஏறக்குறைய 80 கிலோ இழுவை. அதைத் தாங்க இந்தத் தகரமா? எழுபதுகளிலிருந்தே அமெரிக்காவில் கனமான பிரிட்ஜ் மாற்றிப் போடுகிற மோகம் உண்டு, கனம் கூடினால் ஒலி நீளும் என்று ஒரு நம்பிக்கை. "அமெரிக்காக்காரன் பண்றதைவிட நல்லாவே பண்ணித் தர்றேன் அண்ணே" என்றேன். சதுரப் பித்தளையில் 22 மி.மீ. நீளத்துக்கு நாலு கட்டிகள் அறுத்து, மில்லிங்கில் முகம் எடுத்து, விளிம்புகளை மழித்து, கண்ணாடி மாதிரி பாலிஷ் போட்டேன். நகைக்கடையில் வைக்கலாம் போலிருந்தது. 4,500 ரூபாய் வாங்கினேன்.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். அந்தத் துருப்பிடித்த குதிரையில் நாலு சேடிலும் ஒரே நேர்கோட்டில் இல்லை. மெல்லிய கம்பியின் சேடில் முன்னே, அடுத்தது கொஞ்சம் பின்னே, தடித்த கம்பியினுடையது எல்லாவற்றுக்கும் பின்னே என்று படிக்கட்டு மாதிரி சாய்ந்து நின்றன. நான் அதைப் பார்த்தேன். நாற்பது வருடத்தில் லூசாகி நகர்ந்திருக்கிறது என்று நினைத்தேன். பேஸின் நீளம் 34 அங்குலம், 863.6 மி.மீ. கழுத்து முனையிலிருந்து பன்னிரண்டாம் ஃப்ரெட் வரை அதில் சரிபாதி, 431.8. அங்கிருந்து சேடில் வரைக்கும் 431.8 வைத்து நாலையும் ஒரே கோட்டில் நிறுத்தினேன். முன்னால் நகர 10 மி.மீ. இடம் விட்டேன். பின்னால் நகர இடம் வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

வாசித்துப் பார்த்தார். கீழே நன்றாக இருந்தது. மேலே ஏற ஏற அவர் முகம் சுருங்கியது.

"தம்பி, மேல போனா கொஞ்சம் ஏறிக் கேக்குதே."

"அளவு கரெக்டா இருக்கு அண்ணே."

"இல்ல, இந்தத் தடிக் கம்பியில..."

ஸ்கேலை வைத்து அளந்து காட்டினேன். என் வெர்னியர் 0.02 மி.மீ. வரை காட்டும். காது என்ன காட்டும் என்று மனசுக்குள் ஓர் இளக்காரம். "ஒரு நாள் விட்டுட்டுப் போங்க, பார்க்கிறேன்" என்று அனுப்பினேன்.

அன்று ராத்திரி ஷெட்டில் தனியாக உட்கார்ந்து, போனில் ட்யூனர் செயலியைத் திறந்தேன். மேடவாக்கம் பையன் சொல்லிக் கொடுத்த சோதனை ஒன்று உண்டு. பன்னிரண்டாம் ஃப்ரெட்டுக்கு நேர் மேலே கம்பியை விரலால் தொட்டும் தொடாமலும் வைத்து மீட்டினால் மணி மாதிரி ஒரு நாதம் வரும். அதே இடத்தில் அழுத்திப் பிடித்து மீட்டினால் வருவதும் அதே சுரமாக இருக்க வேண்டும். மெல்லிய கம்பியில் வித்தியாசம் மிகக் கொஞ்சம். தடித்த கம்பியில் முள் வலப்பக்கம் சாய்ந்து நின்றது. ஒரு ஃப்ரெட்டுக்கும் அடுத்த ஃப்ரெட்டுக்கும் நடுவிலுள்ள தூரத்தை நூறு பங்காக்கினால், அதில் பத்துப் பங்கு ஏறியிருந்தது.

காரணம் புரிய ஐந்து நிமிடம்தான் ஆனது. கம்பியை ஃப்ரெட்டில் அழுத்தும்போது அது கொஞ்சம் இழுபடுகிறது. இழுபட்டால் சுருதி ஏறும். தடித்த கம்பி மெல்லியதைவிட வளைய மறுக்கும். மெல்லியது 1.1 மி.மீ., தடித்தது 2.7 மி.மீ. இந்த ஏற்றத்தை ஈடுகட்டத்தான் சேடிலைப் பின்னால் தள்ளி நீளத்தைக் கூட்டுகிறார்கள். தடித்த கம்பிக்கு அதிகமாகத் தள்ள வேண்டும், அதனால்தான் அந்தப் படிக்கட்டு. என் சேடிலை 5 மி.மீ. பின்னால் தள்ளினால் முள் நடுவுக்கு வந்துவிடும். ஸ்க்ரூவைத் திருகினேன். ஸ்பிரிங் சுருள் மேல் சுருளாக நசுங்கிக் கிடந்தது. ஒரு புரிகூடப் பின்னால் போகவில்லை. நான் ஆசை ஆசையாய்ச் செய்த 22 மி.மீ. கட்டி பின்சுவர் வரைக்கும் இடத்தை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

லியோ ஃபெண்டர் 1951-ல் கொண்டுவந்த எலெக்ட்ரிக் பேஸுக்குப் பிரசிஷன் என்று பெயர் வைத்தார். நின்றுகொண்டு வாசிக்கிற பெரிய பேஸில் ஃப்ரெட் கிடையாது, சுருதி வாசிப்பவர் விரலின் பொறுப்பு. ஃப்ரெட் போட்டதால் சுரம் துல்லியமாக விழும் என்பதுதான் அந்தப் பெயரின் பொருள். துல்லியத்தை வைத்தே சோறு தின்கிற நான், அந்த வாத்தியத்தின் துல்லியத்தைத்தான் பித்தளை போட்டு அடைத்திருந்தேன்.

தஞ்சாவூர் வீணையில் 24 மெட்டுகளையும் மெழுகின் மேல்தான் பதிக்கிறார்கள். அதற்கு மேளம் கட்டுவது என்று பெயர். ஒவ்வொரு மெட்டாக நகர்த்தி, காதால் கேட்டு, சுரம் சேர்கிற இடத்தில் பதிப்பார்கள். நாளாகி மெழுகு இளகிச் சுரம் பிசகினால் மறுபடி கட்டிக்கொள்ளலாம். பேஸில் ஃப்ரெட்டுகள் மரத்தில் அறைந்து இறுக்கியவை, அசையாது. நகர்த்திச் சரிசெய்ய வாத்தியக்காரனுக்கு விட்டுவைத்திருக்கிற ஒரே இடம் சேடிலுக்குப் பின்னால் உள்ள அந்த விரற்கடை.

திருத்தம் என்ன? சேடிலின் பின்பக்கத்தில் 8 மி.மீ. அறுத்து எறிவது. அரை மணி நேர வேலை. மில்லிங் மெஷின் பத்தடி தூரத்தில் இருந்தது.

செய்யவில்லை. ஏன் என்று பல நாள் யோசித்துப் பார்த்துவிட்டேன். 4,500 ரூபாய்க்காக அல்ல. அதே வரைபடத்தில் வேளச்சேரிக்கும் மடிப்பாக்கத்துக்கும் ஒவ்வொன்று ஏற்கெனவே போயிருந்தது. அண்ணனிடம் ஒப்புக்கொண்டால் அவர்களிடமும் ஒப்புக்கொள்ள வேண்டும். அறுத்தால் அந்த அழகு போய்விடும் என்ற நினைப்பும் இருந்தது. எல்லாவற்றுக்கும் அடியில், நோட்டேஷன்கூடத் தெரியாத ஒரு மனிதரின் காது என் வெர்னியரை ஜெயித்துவிட்டதே என்ற எரிச்சல் இருந்தது. அதுதான் வேர்.

மறுநாள் வந்தார். டீ வாங்கிக் கொடுத்தேன். "குதிரை பக்காவா இருக்கு அண்ணே. கம்பி பழசு, அதான்" என்றேன். "போன மாசம்தானே மாத்தினேன்" என்றார். அப்போதுதான் வாயில் வந்தது: "வயசாகுதுல்ல அண்ணே. காது கொஞ்சம் முன்னப்பின்ன ஆகும்."

சண்டை போடுவார் என்று நினைத்தேன். டீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் தண்டவாளப் பக்கம் பார்த்தார். "இருக்கும் தம்பி" என்றார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் வீட்டு மொட்டை மாடியில் பழைய குழு ஆட்கள் நாலைந்து பேர் கூடி வாசிப்பார்கள். இரண்டு வாரம் கீழ் ஃப்ரெட்டுகளிலேயே வாசித்திருக்கிறார். கீபோர்டுகாரர் எதுவோ இடிக்கிறது என்று சொன்னதும், "என் காதுதான்" என்று எழுந்துவிட்டார். அதன்பின் வாசிக்கவில்லை. இதை அவர் மகன் சொல்லித்தான் அறிந்தேன். கேட்டுக்கொண்டேன். வாயைத் திறக்கவில்லை.

ஐந்தாறு மாதம் கழித்து ஷெட்டுக்கு வந்தார். கையில் மருத்துவமனைக் காகிதம். காது பரிசோதனை செய்துகொண்டு வந்திருக்கிறார். "வயசுக்கு நல்லாவே இருக்காம் தம்பி" என்று காட்டினார். எனக்கு வியர்த்தது. அடுத்து அவரே சொன்னார்: "அப்ப காது இல்ல. விரல்தான் போயிருக்கு. அழுத்துறப்ப இழுத்துடறேன் போல."

சொல்லியிருக்க வேண்டிய நிமிடம் அது. என் தப்புக்கு அவர் தன் உடம்பில் அடுத்த இடம் தேடிக்கொண்டிருந்தார். நானோ, "இருக்கலாம் அண்ணே" என்றேன்.

வயது ஏறும்போது காதில் முதலில் தேய்வது உச்ச ஒலிகள்தான், தாழ்ந்த ஒலிகள் கடைசிவரை தங்கும் என்று பிறகு படித்தேன். அந்தக் காகிதத்தில் இருந்த சோதனை 250 ஹெர்ட்ஸில் ஆரம்பித்து மேலே போகிறது. பேஸின் தடித்த கம்பியைத் திறந்து மீட்டினால் 41 ஹெர்ட்ஸ், மெல்லியது 98. அதாவது நான் அவரிடமிருந்து பறித்தது, முதுமை கடைசியாகத் தொடக்கூடிய பாகத்தை.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். மொத்தம் நாலு குதிரைகள் அந்த வரைபடத்தில் செய்தேன். அண்ணனுடையது மூன்றாவது. நான்காவதைப் பெருங்களத்தூரில் வாடகைக்கு இருந்த ஒரு பையனுக்கு விற்றேன். அது எல்லாம் தெரிந்த பிறகு. கட்டிகள் அறுத்துத் தயாராக இருந்தன, அவன் பணத்தோடு வந்து நின்றான்.

பதினான்காம் மாதம் என்னால் தூங்க முடியவில்லை. அப்போதும் நேர்வழி போகவில்லை. "பித்தளை கறுத்திருக்கும் அண்ணே, குடுங்க, பாலிஷ் போட்டுத் தர்றேன்" என்று பேஸை வாங்கி வந்தேன். நாலு சேடிலையும் பின்பக்கம் 8 மி.மீ. அறுத்தேன். படிக்கட்டாக நிறுத்தினேன். தடித்த கம்பி 5 மி.மீ. பின்னே போனது, முள் நடுவில் வந்து நின்றது. முப்பத்தைந்து நிமிடம் ஆனது. கொண்டுபோய்க் கொடுத்தேன். மகன் வற்புறுத்த, மடியில் வைத்து மேலே ஏறினார். நிறுத்தினார். மறுபடி ஏறினார். அவர் முகம் விரிந்ததை நான் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

"பாலிஷ் போட்டதுல காதே திரும்பி வந்துடுச்சு தம்பி!" என்று சிரித்தார். நானும் கூடச் சேர்ந்து சிரித்தேன். உள்ளே போய் அவர் மனைவியிடம் என்னைக் கைராசிக்காரன் என்று சொன்னார்.

அந்தச் சிரிப்போடு இருபது நாள் இருந்தேன். தொழிற்பேட்டையில் நாங்கள் கற்ற முதல் ஒழுக்கம், ரிஜெக்ட் ஆன ஜாப்புக்குச் சிவப்புப் பெயிண்ட் அடித்துத் தனித் தொட்டியில் போடுவது. ஜாப்பைத் திருட்டுத்தனமாகத் திருத்தி நல்ல தொட்டியில் கலப்பவனைப் பக்கத்து மெஷின்காரன்கூட மதிக்க மாட்டான். அதைத்தான் நான் செய்திருந்தேன்.

போன மாதம் இரும்புலியூர் போனேன். அறுத்து எடுத்த நாலு துண்டுகளையும் ஒரு காகிதத்தில் மடித்துக் கொண்டுபோய் அவர் முன்னால் வைத்து, முதலிலிருந்து கடைசிவரை சொன்னேன். இடையில் அவர் எதுவும் பேசவில்லை. ஒரு துண்டை எடுத்து விரல்களுக்கு நடுவே உருட்டிக்கொண்டிருந்தார்.

"அப்ப அன்னிக்கு எனக்குக் கேட்டது சரிதானா?"

"சரிதான் அண்ணே."

"தடிக் கம்பியிலதானே?"

"ஆமா."

தலையை ஆட்டினார். 4,500 ரூபாயை எடுத்து வைத்தேன். வேண்டாம் என்று சொல்லவில்லை, எண்ணி வாங்கிக்கொண்டார். இதை எழுதப்போகிறேன் என்றதற்கு, "எழுது. என் பேரைப் போடாதே" என்றார். அந்த வீட்டில் காபி குடிக்காமல் நான் எழுந்து வந்தது அதுதான் முதல் தடவை.

வேளச்சேரி ஆளும் மடிப்பாக்கம் ஆளும் கூப்பிட்டதும் வந்து, சேடில்களை மாற்றிக்கொண்டு போனார்கள். இருவரும் புதிதாகப் பழகுகிறவர்கள். சுருதி சேராதது தங்கள் விரலின் தப்பு என்றுதான் இருவருமே நினைத்திருந்தார்கள். பெருங்களத்தூர் பையன் வீடு மாற்றிப் போய்விட்டான், அவன் கொடுத்த நம்பர் உபயோகத்தில் இல்லை. பெங்களூருக்குப் போனதாகக் கீழ்வீட்டில் சொன்னார்கள்.

தம்பி, இதை நீ படித்தாலோ, உன்னைத் தெரிந்த யாராவது படித்தாலோ: பன்னிரண்டாம் ஃப்ரெட்டுக்கு நேர் மேலே தடித்த கம்பியை லேசாகத் தொட்டு ஒரு தடவை மீட்டு, அழுத்தி ஒரு தடவை மீட்டு. இரண்டாவது ஏறிக் கேட்கும். கேட்பது சரிதான். குதிரையைக் கழற்றிப் பார், அடியில் 4 என்று பஞ்ச் அடித்திருக்கும். கொண்டு வா, காசு வேண்டாம். அரை மணி நேர வேலை.